ஏர் அவிழ்க்கிற நேரம் எத்தனை மணிக்கு வரும்? தெரியுமா?

காலை பத்து மணிக்கு ஒரு பெயர் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? ஒன்றல்ல, பல நாடுகளில் பல பெயர்கள். அத்தனையும் மாட்டுக் கொட்டகையில் பிறந்தவை!

அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் 'அட்ரா' என்று ஒரு சொல் இருக்கிறது. காலையில் மேயப் போன பசுக்களைக் கறப்பதற்காகத் திரும்ப ஓட்டி வரும் வேளை அது. விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும், உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கும். அந்த முற்பகல் பொழுதுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நம் வீடுகளில் "உச்சி வெயில் வரைக்கும் தூங்குறான் பாரு" என்று திட்டுவதைப் போல, "அட்ரா வரைக்கும் தூங்குகிறான்" என்று அங்கே திட்டுகிறார்கள். இப்படிப்பட்ட சொற்களையெல்லாம் ஓடி ஓடிச் சேர்த்தவர் பாட்ரிக் டினீன் என்ற பாதிரியார். 1904-ல் அவருடைய ஐரிஷ் அகராதி வெளிவந்தது. 1916-ல் டப்ளின் நகரில் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தபோது அந்த அகராதியின் அச்சுத் தகடுகள் தீயில் அழிந்தன. மனிதர் அசரவில்லை. மறுபடி உட்கார்ந்து, இன்னும் பெரிய அகராதியாக 1927-ல் கொண்டுவந்தார். ஒரு சொல்லுக்காக இவ்வளவு பாடுபட்டவர்கள் இருக்கிறார்கள்!

சரி, அயர்லாந்து எங்கேயோ இருக்கிறது. இங்கே வருவோம். வேத காலத்தவர் பகலை ஐந்து பங்காகப் பிரித்திருந்தார்கள். அதில் இரண்டாவது பங்குக்குப் பெயர் சங்கவம். பொருள் என்ன தெரியுமா? பசுக்கள் கறவைக்காக ஒன்று கூடும் வேளை! ஆறு மணிக்கு விடிவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு 2 மணி 24 நிமிடம். அப்படியானால் சங்கவம் 8.24-க்குத் தொடங்கி 10.48-க்கு முடிகிறது. ஐரிஷ்காரர்களின் அட்ராவும் ஏறக்குறைய அதே வேளைதான். இடையில் எத்தனை மலை, எத்தனை கடல்! இரண்டு இடத்திலும் காலைப் பொழுதுக்குப் பசுதான் பெயர் வைத்திருக்கிறது.

நம் ஊரில் அந்த வேளைக்குப் பெயர் வைத்தது காளை. ஏர் அவிழ்க்கிற நேரம்! திருவள்ளூர்ப் பக்கத்துப் பேச்சில் சொன்னால் 'ஏரு உடற நேரம்'. கோழி கூவியதும் ஏர் பூட்டினால், வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கும்போது நுகத்தடியைக் கழற்றிவிடுவார்கள். அதற்கு மேல் உழுதால் மாடு தாங்காது. சேற்று உழவுக்கு எருமைக்கடா கட்டிய ஊர்களில் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. கருப்புத் தோல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், உடம்பைக் குளிர்விக்க வழி இருக்காது. அவிழ்த்துவிட்டால் நேராக ஏரித் தண்ணீரில் போய்ப் படுத்துக்கொள்ளும். உழுதவர்களுக்கு வரப்பில் கேழ்வரகுக் கூழ் காத்திருக்கும். எனவே அது கூழ் குடிக்கிற நேரமும்தான்.

கிரேக்கத்தின் ஹோமரும் இதே காளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், தெரியுமா? இலியத்திலும் ஒடிசியிலும் பொழுது சாய்வதைச் சொல்ல அவர் பயன்படுத்துகிற சொல் 'பூலுட்டோஸ்'. எருதுகளை அவிழ்த்துவிடும் வேளை என்று பொருள். நம் உழவர் முற்பகலிலேயே அவிழ்த்துவிட்டார், கிரேக்க உழவர் பிற்பகல் வரை ஓட்டினார். நம் வெயிலின் கடுமைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா!

ஜெர்மன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நேரத்தை வைத்து நிலத்தையே அளந்தார்கள். 'மோர்கன்' என்றால் அவர்கள் மொழியில் காலை. அதே மோர்கன் ஒரு நில அளவும்கூட. ஒருவர் ஒரு காலைப் பொழுதில் உழுது முடிக்கக்கூடிய நிலம்! டச்சுக்காரர்கள் அந்த அளவைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோக, அங்கே 20-ஆம் நூற்றாண்டிலும் நிலத்தைக் காலைகளால் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தெற்குச் சூடானின் நூவர் மக்களோடு தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் எவான்ஸ் பிரிச்சர்ட், 1940-ல் எழுதிய நூலில் அவர்களுடைய கடிகாரத்துக்கு 'மாட்டுக் கடிகாரம்' என்றே பெயர் கொடுத்தார். தொழுவத்திலிருந்து மாட்டை வெளியே கொண்டுவருவது, கறப்பது, மேயவிடுவது, திரும்ப ஓட்டி வருவது, இவைதான் அவர்களின் மணிகள். உகாண்டாவின் அங்கோலே மக்களிடம் நாள் முழுவதுக்கும் இப்படிப் பெயர் உண்டு. காலை ஆறு, கறவை நேரம். நண்பகல், மாடு இளைப்பாறும் நேரம். இரண்டு மணி, மாடு தண்ணீர் குடிக்கும் நேரம். ஐந்து மணி, மாடு வீடு திரும்பும் நேரம். மடகாஸ்கரில் அரை மணி நேரத்துக்கு 'ஒரு உலை அரிசி வேகும் நேரம்' என்பார்கள். ஒரு கணத்துக்கு? 'ஒரு வெட்டுக்கிளி வறுபடும் நேரம்'!

இதையெல்லாம் படித்துவிட்டு நம் பக்கம் திரும்பினால்தான் உண்மையான மலைப்பு. முதல் கோழி கூவும் நேரம். வெள்ளி முளைக்கும் நேரம். கருக்கல். ஏர் கட்டும் நேரம். பொழுது ஏறும் நேரம். ஏர் அவிழ்க்கும் நேரம். உச்சி, அதையே உருமம் என்பவர்களும் உண்டு. வெயில் தாழ. பொழுது சாய. மாடு திரும்பும் நேரம். மசங்கல். விளக்கு வைக்கிற நேரம். ஊர் அடங்கும் நேரம். நடுச்சாமம். யாழ்ப்பாணத்துக்குப் போனால் விடியப்புறம், பின்னேரம், செக்கல், மைமல் என்று இன்னொரு வரிசையே கிடைக்கும். கொங்கு நாட்டில் 'பொழுதோட வா' என்றால் சாயங்காலம் வரச் சொல்கிறார்கள். கடிகாரம் இல்லாத நாளுக்கு இத்தனை முள்!

இவை கிராமத்து மனிதர்கள் குத்துமதிப்பாகச் சொன்னவை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் கோழியை எடுத்துக்கொள்வோம். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று பலரும் நினைக்கிறோம். 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சேவல்களை நாள் முழுவதும் மங்கலான ஒரே வெளிச்சத்தில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். விடியலே தெரியாத அந்த அறையிலும் ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒருமுறை, அதே வேளையில் கூவின. கடிகாரம் சேவலின் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது! 2015-ல் அதே குழு இன்னொன்றையும் கண்டுபிடித்தது. ஒரு கூட்டத்தில் முதலில் கூவும் உரிமை, வலிமையில் முதலிடத்தில் இருக்கும் சேவலுக்குத்தான். மற்றவை அதற்குப் பிறகு, தகுதி வரிசைப்படி. முதல் கூவலைத் 'தலைக்கோழி' என்று சொல்லும் ஊர்கள் நம்மிடம் உண்டு. எவ்வளவு சரியான பெயர் பாருங்கள்!

கறவை நேரமும் அப்படியே. பசுவின் மடி தினமும் பழகிய வேளைக்குத்தான் சரியாகச் சுரந்து கொடுக்கும். கன்றை ஊட்டவிட்டதும், அல்லது மடியைக் கழுவிவிட்டதும், ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. அது வேலை செய்வது சில நிமிடங்களுக்குத்தான். அதற்குள் கறந்து முடித்தால்தான் முழுப் பாலும் கிடைக்கும். தவறவிட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். ஆள் மாறினாலும், நேரம் மாறினாலும் பால் குறைகிறது என்று பாட்டி சொன்னதை இன்றைய கால்நடை மருத்துவமும் சொல்கிறது. பால் சொசைட்டிக்குக் காலையும் மாலையும் கேன் தூக்கிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வண்டி வருகிற நேரமும் மடி சுரக்கிற நேரமும் ஒன்றாகப் பழகியிருக்கும்.

நெல்லுக்குக்கூட ஒரு நேரம் உண்டு, தெரியுமா? திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நெல் போடுவார்கள். கதிர் வெளிவந்தபின் ஒவ்வொரு நெல்மணியின் உமியும் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை திறக்கும். பெரும்பாலும் ஒன்பது மணிக்கு மேல் நண்பகலுக்குள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் திறந்திருந்து, மகரந்தம் விழுந்ததும் மூடிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிப் போனால் மகரந்தம் கெட்டு, மணி பதராகிவிடும்! அதனால்தான் பூக்கிற பருவத்தில் காலையில் மருந்தடிக்காதீர்கள், மாலையில் அடியுங்கள் என்கிறார்கள். பூமி சூடாகிக்கொண்டே போவதால், பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் விடிந்த கொஞ்ச நேரத்திலேயே பூக்கும் குணத்தை ஒரு காட்டு நெல்லிலிருந்து எடுத்து, பயிர் நெல்லுக்கு மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். காளை மாடு தாங்காத அதே வெயிலை நெல் பூவும் தாங்காது. உழவன் பத்து மணிக்கு ஏரை அவிழ்த்த காரணமும், விஞ்ஞானி நெல் பூவை முன்கூட்டி எழுப்பப் பார்க்கிற காரணமும் ஒன்றே.

பூவை வைத்து நேரம் பார்ப்பது நமக்கு நேற்று வந்த பழக்கமா? நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் ஓர் இடம் வருகிறது. அடைமழைக் காலம், வானம் இருண்டு கிடக்கிறது, பகலா இரவா என்றே தெரியவில்லை. வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பிச்சி அரும்புகளைத் தட்டில் பரப்பி வைக்கிறார்கள். அரும்பு அவிழ்ந்து மணம் வந்ததும் மாலையாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு விளக்கேற்றுகிறார்கள்! மூக்கால் பார்த்த கடிகாரம்! ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பெண்களின் அறிவியல் இது. இன்றும் மல்லிகைத் தோட்டத்தில் பொழுது விடிவதற்குள் கூடையோடு இறங்கி அரும்பாகவே பறித்துவிடுகிறார்கள். சாயங்காலம் கூந்தலில் ஏறும்போது அது விரிய வேண்டும் என்பது கணக்கு. தொட்டியில் வளர்க்கிற பத்து மணிப் பூ காலை பத்தை ஒட்டி மலர்வதும், அந்திமந்தாரை மாலை நாலுக்கு மேல் மலர்வதும் உங்களுக்கே தெரியும். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிகள். வந்த இடத்திலும் நேரம் தவறுவதில்லை.

அதே நெடுநல்வாடையில் இன்னொரு அதிசயம். அரண்மனைக்கு மனை வகுக்கும் சிற்பிகள் இரண்டு கோல் நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நடுப்பகலைக் குறித்துக்கொண்டு திசை பார்க்கிறார்கள். நிழலில்லா நாள் என்று இப்போது பள்ளிக்கூடங்களில் கொண்டாடுகிறோமே, அதேதான்! சென்னை, திருவள்ளூர்ப் பகுதியில் அது ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறையும், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு முறையும் வரும்.

கோல்கூட வேண்டாம், ஒரு துரும்பு போதும் என்று கண்டுபிடித்தவர்களும் நம் முன்னோர்தான். பதினாறு விரற்கடை நீளத்துக்கு ஒரு துரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஓரிடத்தில் மடித்து, ஒரு பகுதி தரையில் படுத்திருக்க, மறு பகுதி நேராக நிற்கும்படி வெயிலில் வையுங்கள். நிற்கும் பகுதியின் நிழல், படுத்திருக்கும் பகுதியைச் சரியாக மூடும் வரை மடிப்பை நகர்த்திக்கொண்டே வாருங்கள். மூடியதா? நிற்கும் பகுதி எத்தனை விரல் என்று பாருங்கள். விடிந்து அத்தனை நாழிகை ஆகியிருக்கிறது! ஒரு நாழிகை 24 நிமிடம். பிற்பகலில் பார்த்தால், பொழுது சாய இன்னும் எத்தனை நாழிகை இருக்கிறது என்று அதே விரல் சொல்லும்.

இது உண்மையில் வேலை செய்யுமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பு இரண்டு மடங்காகிறது. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாதத்து நாள் ஒன்றில், திருவள்ளூரில் விடிந்து மூன்று மணி நேரம் கழித்துச் சூரியன் சுமார் 43 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது நிற்கும் பகுதி ஏறக்குறைய 7¾ விரல் வரும். உண்மையான நேரம் 7½ நாழிகை. வித்தியாசம் ஆறேழு நிமிடம்! விடிந்து நான்கு மணி நேரத்தில் 10 நாழிகைக்கு 9¾ விரல் காட்டும். முற்பகல் முழுவதும் பிழை ஒரு நாழிகையைத் தாண்டுவதில்லை. உச்சியை நெருங்கும்போதுதான் கொஞ்சம் தடுமாறும். வயலில் கிடக்கும் ஒரு துரும்பு, தசம எண் தெரியாத கை, இவற்றிலிருந்து இவ்வளவு துல்லியம்! நாளை காலை மொட்டை மாடியில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள்.

இரவில் நிழல் கிடையாது. நீரைத்தான் நம்பினார்கள். அடியில் ஊசித் துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டால், அது நிறைந்து மூழ்க ஒரு நாழிகை. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்குக் கன்னல் என்ற நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லத் தனி ஆட்களே இருக்கிறார்கள். ஊர் உழவனுக்குக் கன்னல் ஏது? ஏற்றம் இருந்தது! கிணற்றின்மேல் நீண்ட மரத்தில் ஆள் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் நீர் மொள்ளும் சாலைப் பிடித்துக் கவிழ்க்க, ஒவ்வொரு சாலுக்கும் ஓர் எண் வைத்துப் பாட்டு ஓடும். பாட்டில் எண் ஏறினால் எத்தனை சால் இறைத்தோம் என்றும் தெரியும், எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் தெரியும். கம்பர் ஒருமுறை ஏற்றக்காரர் பாடிய பாட்டைக் கேட்டு நின்றாராம். வேலை முடிகிற நேரம் வந்துவிடவே ஏற்றக்காரர் பாதி அடியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாராம். மீதி அடி என்னவாக இருக்கும் என்று தவித்த கவிச்சக்கரவர்த்தி மறுநாள் ஏற்றம் இறைக்கும் வரை காத்திருந்தார் என்று கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். ஏற்றக்காரரின் நேரத்துக்குக் கம்பரே கட்டுப்பட்டார் என்று சொல்லத் தோன்றியதே, அது எவ்வளவு பெரிய மரியாதை!

ஏற்றம் போய் பம்ப்செட் வந்தது. 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. மும்முனை மின்சாரத்தைப் பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்துக் கொடுத்த காலத்தில், உழவர்களுக்குப் புதிதாக ஒரு பொழுது பிறந்தது. 'கரண்ட் வர்ற நேரம்'! நடுச்சாமத்தில் டார்ச் லைட்டோடு மோட்டார் கொட்டகைக்குப் போனவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும்.

ரயிலும் நேரத்தில் கை வைத்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. திருவள்ளூர் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அப்போது ரயில்களுக்கு நேரம் கொடுத்தது மெட்ராஸ் வானாய்வுக்கூடம். இன்றைய இந்திய நேரத்தைவிட மெட்ராஸ் நேரம் 8 நிமிடம் 46 விநாடி பின்தங்கியிருந்தது. 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தபோது, கடிகாரங்களை ஏறக்குறைய ஒன்பது நிமிடம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. ஏர் அவிழ்க்கிற நேரம் மட்டும் ஒரு நொடியும் நகரவில்லை! இன்றைக்கும் திருவள்ளூரில் கடிகாரம் பன்னிரண்டு காட்டியபின் சராசரியாகப் பத்து நிமிடம் கழித்துத்தான் சூரியன் உச்சிக்கு வருகிறது. உச்சி என்று பாட்டி சொன்னது சூரியனின் உச்சியை. நாம் சொல்வது இந்திய நேரத்துக்கு அளவுகோலான அலகாபாத் பக்கத்து உச்சியை.

இப்போது நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமாக இருந்த விஷயத்துக்கு வருகிறேன். மணவாள நகர் தெரியுமல்லவா? திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஊர். மேல்நல்லாத்தூர்ப் பக்கம் கனரக இயந்திரத் தொழிற்சாலை, தெற்கே ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வரிசையாகக் கம்பெனிகள், வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆட்கள், கையில் சாப்பாட்டு டப்பா, கழுத்தில் அடையாள அட்டை. இங்கே நாளைப் பிரிப்பது ஷிப்ட். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகளில் வழக்கமான பிரிவு இது: காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு. இரண்டு முதல் இரவு பத்து. பத்து முதல் மறுநாள் காலை ஆறு.

இப்போது தொல்காப்பிய வழியில் வந்த சிறுபொழுதுகளைப் பாருங்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஆறு சிறுபொழுது, ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். காலை 6 முதல் 10. நண்பகல் 10 முதல் 2. எற்பாடு 2 முதல் 6. மாலை 6 முதல் 10. யாமம் 10 முதல் 2. வைகறை 2 முதல் 6.

முதல் ஷிப்ட் என்றால் காலையும் நண்பகலும். இரண்டாவது ஷிப்ட் என்றால் எற்பாடும் மாலையும். நைட் ஷிப்ட் என்றால் யாமமும் வைகறையும். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை! ஷிப்ட் ஒன்றுக்கு 20 நாழிகை. ஆலைச் சங்கு ஊதும் மூன்று வேளையும் சிறுபொழுதின் எல்லைக் கோடுகளிலேயே விழுகின்றன! ஆலை நேரத்தை வகுத்தவர் யாரும் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். 24 மணியை மூன்றால் வகுத்து, ஆறு மணியில் தொடங்கினால் இந்த எண்கள்தான் வரும். ஆனாலும் விடியலில் நாளைத் தொடங்கு என்ற முதல் முடிவு இருவருக்கும் பொதுவாக இருந்ததே, அதுதான் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

இன்னும் உண்டு. வயல் சார்ந்த மருத நிலத்துக்குத் தொல்காப்பியர் கொடுத்த பொழுது வைகறையும் விடியலும். ஏர் பூட்டும் பொழுது! மாடு மேய்த்து வாழ்ந்த முல்லைக்கு மாலை. கன்றை நினைத்துப் பசுக்கள் வீடு திரும்பும் பொழுது! வடமொழியில் அதையே கோதூளி என்றார்கள், பசுக்களின் குளம்பு கிளப்பிய புழுதி நேரம் என்று. ஐரிஷ்காரர்களின் அட்ரா போல ஒரு மாட்டுப் பொழுதை நாம் இலக்கணத்திலேயே ஏற்றி வைத்திருக்கிறோம்.

அந்த வைகறையில்தான் நைட் ஷிப்ட் தொழிலாளிக்குக் கண் செருகுகிறது. சோம்பல் இல்லை அது. மனித உடம்பின் வெப்பம் மிகக் குறைந்து, கவனம் மிகவும் தளரும் வேளை விடிவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம். சேவலுக்குள் ஓடுவதைப் போன்ற கடிகாரம் நமக்குள்ளும் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று மூலக்கூறு அளவில் காட்டிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலை புற்றுநோய் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-லேயே வகைப்படுத்தியது. மாட்டை வெயிலுக்கு முன் அவிழ்த்துவிட்ட ஊர்க்காரர்கள் நாம். மனிதர்களுக்கும் அந்தக் கரிசனம் வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர் பகலில் தூங்கினால் கதவைத் தட்டாதீர்கள், டிவி சத்தத்தைக் குறையுங்கள்.

மணவாள நகர் டீக்கடைகளில் இப்போது புழங்குவது 'பர்ஸ்ட் ஷிப்ட்', 'நைட்டு', 'முதல் லோக்கல்', 'கம்பெனி பஸ் வர்ற நேரம்'. இவையும் பொழுதின் பெயர்கள்தான், வேலையிலிருந்து பிறந்தவை, நாளை ஓர் அகராதியில் இடம்பெற வேண்டியவை. ஆனால் அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு, இன்று வீட்டு மனைகளாகிவிட்ட வயலில் ஏர் ஓட்டிய ஞாபகம் இருக்கும். அவர் வாயில்தான் 'ஏரு உடற நேரம்' இன்னும் இருக்கிறது.

கரிசல் காட்டுச் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் அகராதி செய்தார். கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் செய்தார். நடுநாட்டுச் சொற்களுக்குக் கண்மணி குணசேகரன் செய்தார். மூவரும் எழுத்தாளர்கள். தெருத் தெருவாகக் கேட்டுச் சேர்த்தார்கள். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பொழுதுப் பெயர்களையும் யாராவது கேட்டு எழுதியாக வேண்டும். அது நீங்களாக இருக்கலாம். உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய தாத்தாவோ ஆயாவோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். காலையில் எழுந்தது முதல் படுக்கும் வரை அந்தக் காலத்தில் எந்த வேளையை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், நடவுக்குப் போன பெண்கள் எப்போது கரையேறினார்கள், மாடு எப்போது திரும்பியது? அவர்கள் சொன்ன மாதிரியே, பேச்சு மாறாமல், ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள். போனில் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது.